இரண்டு முறை கிள்ளிய ஃப்ளாக்ஸ்

மே 12

நேற்று என் மனைவி ரயில் ஏறிவிட்டாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களுக்கான மேற்பயிற்சி, சரியாக மூன்று மாதம். போகும்முன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். கேஸ், பால், துணி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. ஃப்ளாக்ஸ் பூச்செடிக்கு மட்டும் முழுப் பக்கம். பின்சுவர் ஓரம் எட்டுத் தூர் இருக்கிறது, ஐந்து வெள்ளை, மூன்று ரோஸ். அவள் ஒவ்வொன்றாக வாங்கி வைத்து வளர்த்தவை. "நான் வந்து இறங்கற அன்னிக்குப் பூத்திருக்கணும்" என்றாள். யாரிடம் சொன்னாள்? எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் நின்று, பொதுவாகச் சொன்னாள்.

ஆக, வீட்டில் இப்போது நானும் மாமாவும் மட்டும். வீடு அவருடையது. முப்பத்தைந்து வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவர். கல்யாணமாகி ஏழு வருடமாக இங்கேதான் இருக்கிறேன், இன்னும் குளித்துவிட்டு வந்தால் துண்டை எங்கே காயப்போடுவது என்று யோசிக்கிறேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பேச்சு இருந்தால்தானே.

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி வீடு ஆகஸ்ட் கடைசியில் காலியாகிறது. போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் திரும்பியதும் சொல்ல வேண்டும், நாம் தனியாகப் போய்விடலாம் என்று. அப்பாவை விட்டு வர அவளுக்கு மனசு வராது. என்னைத் தனியாக அனுப்பவும் வராது. அவளை நடுவில் நிறுத்தி இழுக்கப் போகிறேன். சரி, மூன்று மாதம் இருக்கிறது.

மே 16

மாமா சுவரைப் பார்த்து, "யாராவது சாப்பிட வரலாம்" என்றார். வீட்டில் இருந்த யாராவது நான் ஒருவன்தான். போனேன்.

மே 28

காகிதத்தின்படி இன்று தண்டு கழித்தேன். தூருக்கு ஐந்தாறு தண்டு போதுமாம், மெலிந்ததை அடியோடு வெட்ட வேண்டுமாம். அடர்ந்து நின்றால் காற்றுப் புகாமல் இலையில் பூசணம் பிடிக்கும். "பாவம் பாக்காதீங்க" என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள். என்னைத் தெரிந்து வைத்திருக்கிறாள்! ஒவ்வொரு தண்டும் என்னைப் பார்த்து 'நானா மெலிந்தவன்?' என்று கேட்பதுபோல இருந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது இந்தத் தொல்லை இல்லை. பவர் எழுதி வருகிறது, தேய்க்கிறோம், ஃப்ரேமில் மாட்டுகிறோம். லென்ஸ் எதிர்த்துக் கேட்பதில்லை.

ஜூன் 8

கிள்ளும் நாள். செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. நுனியை இரண்டு விரலில் பிடித்து, முதல் ஜோடி இலைக்கு மேலே ஒரு கிள்ளு. பக்கக் கிளை விடும், பூ சற்றுத் தள்ளிப் போகும். இப்போது கிள்ளினால் அவள் வரும் ஆகஸ்ட் பன்னிரண்டுக்குச் சரியாக மலருமாம். காலை ஆறு மணிக்கு, மாமா நடக்கப் போயிருந்த நேரத்தில் முடித்துவிட்டேன். நாற்பத்து மூன்று நுனிகள்.

மாமாவிடம் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொல்லலாம். அவர் கேட்கவில்லை.

ஜூன் 15

மண் எப்போது பார்த்தாலும் ஈரமாக இருக்கிறது. மழை இல்லை. பூமிக்குள் ஊற்று கீற்று எடுத்துவிட்டதா?

ஜூன் 23

போச்சு. அடியிலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளை. கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன், பூசணமேதான். காகிதத்தில் சொன்னதை எல்லாம் செய்தேனே! காலையில் மட்டும்தான் தண்ணீர் விட்டேன், வேரில்தான் விட்டேன், இலையில் ஒரு சொட்டு படவிடவில்லை. அவள் வந்து பார்த்தால் என்ன சொல்வேன்? பிடித்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போட்டேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 1

கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன். எடுக்கத் திரும்பி வந்தால், பின்சுவர் ஓரம் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் கத்தரிக்கோல். பக்கத்தில் சின்னக் குவியலாக ஃப்ளாக்ஸ் நுனிகள். நான் கிள்ளியதற்குப் பிறகு விட்ட பக்கக் கிளைகள், அத்தனையும்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"கிள்ளறேன்."

"நான்தான் போன மாசம் எட்டாந்தேதியே கிள்ளிட்டேனே."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே."

மெதுவாக மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடுத்த கேபின்லேருந்து தகவல் வராம முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு வண்டிய விட்டதில்ல. இப்ப ஒரே லைன்ல ரெண்டு வண்டிய விட்டுட்டேனே."

பிறகு தண்ணீர் விஷயமும் வெளியே வந்தது. நான் தினமும் காலையில் வேரில் விட, அவர் தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டியிருக்கிறார். ஊற்றும் தெரிந்தது, பூசணமும் புரிந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, சத்தியமாக. ஆனால் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு செடிக்கு இரண்டு வேளை திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம் என்று நினைத்ததும் சிரிப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாராம், கேட்டால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வேனோ என்று தயங்கினாராம். என்ன கூத்து இது? நான்தான் இவருக்குப் பயந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்!

கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். கண்ணாடியை மறுபடியும் எடுக்காமலே போய்விட்டேன்.

ஜூலை 2

மாமாவின் ஏற்பாடு: ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிப் பின்கதவில் தொங்குகிறது. செடியைத் தொட்டவர் நேரத்தோடு எழுத வேண்டும். மற்றவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கேபினில் அப்படித்தானாம். இன்றைய பதிவு: "6.20. சமையல் சோடா, சோப்புத் தண்ணீர், எல்லா இலைக்கும் தெளித்தது." நான் மனதுக்குள் படித்தேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. சத்தமாகப் படிக்க வைத்தார்.

ஜூலை 12

ஞாயிறு. அவள் போன். செடி எப்படி இருக்கிறது என்றாள். அருமை என்றேன் நான். பிரமாதம் என்றார் பின்னாலிருந்து மாமா. ரெண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் கேட்கிறதே, என்ன விஷயம் என்றாள். ஏழு வருடத்தில் மாமாவும் நானும் சேர்ந்து செய்த முதல் காரியம் ஒரு பொய்.

ஜூலை 25

புது இலைகள் சுத்தமாக வந்திருக்கின்றன. மொட்டுத்தான் காணோம் என்கிறார் மாமா. அதோ இருக்கிறது என்று நான் காட்டினால் வேறெங்கோ பார்க்கிறார். அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். நடைபாதையில் வாங்கியது, பவர் சம்பந்தமே இல்லை. நாலு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாராம்! மருமகன் ஊருக்கே லென்ஸ் தேய்க்கிறான், மாமனார் குருட்டாம்போக்கில் பேப்பர் படிக்கிறார். எனக்கு அவமானமாகவும் வருத்தமாகவும் இருந்தது. கையோடு கடைக்கு அழைத்துப் போனேன். கண் பரிசோதித்து, லென்ஸை நானே தேய்த்தேன். அவ்வளவு கவனமாக வேறு யாருக்கும் தேய்த்ததில்லை.

வந்ததும் நேராகச் செடியிடம் போனார். "பச்சையா, கடுகு சைஸுல இருக்கு. நிறைய இருக்கு" என்றார். நோட்டிலும் எழுதிவிட்டார்.

ஆகஸ்ட் 8

மொட்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. நாலு நாளில் மலராது. இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இன்று முடிந்தது. மருந்துக்கடை மாடி வீட்டுக்கார அம்மாவைப் பார்த்து, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் இனிச் சொல்ல எதுவும் இல்லை. எனக்கே வேண்டாம் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த அம்மா சலித்துக்கொண்டார். "என்னங்க, ஆளாளுக்கு வேணாம்னு சொல்றீங்க? ஒரு பெரியவர் ஜூன்லயே வந்து கேட்டுட்டுப் போனார். பொண்ணும் மாப்பிள்ளையும் நிம்மதியா இருக்கட்டும், நான் தனியா இருந்துக்கறேன்னார். அவரும் போன வாரம் வந்து வேணாம்னுட்டார். ரயில்வேல இருந்தவராம்."

படியிறங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டேன். சொந்த வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு மாடிப்படி ஏறப் போயிருக்கிறார் மனுஷன். எழுபத்திரண்டு வயசு. ஏன் மாமா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் மட்டும் சொன்னேனா?

வீட்டுக்கு வந்தேன். தோசைக்கல்லில் முட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றா, ரெண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ரெண்டு என்றேன்.

ஆகஸ்ட் 12

வந்துவிட்டாள்! பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். ஒரு பூ இல்லை. மொட்டுகளில் லேசாக நிறம் தட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நானும் மாமாவும் குற்றவாளிகள்போல நின்றோம். நோட்டைக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் இரண்டு கிள்ளலையும் மாமா முறைப்படி பதிவு செய்திருந்தார், "தகவல் பரிமாற்றம் இன்மையால்" என்று. கடைசிப் பக்கம்வரை நின்றபடியே படித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "பூ மெதுவா வரட்டும்" என்றாள்.

ஆகஸ்ட் 27

முதல் வெள்ளை. காலை 6.05. கண்டவர்: மாமா.

செப்டம்பர் 2

எட்டுத் தூரும் பூத்துத் தள்ளுகிறது. சாயங்காலம் சமையலறை வரை வாசனை. வாடிய பூவைக் காய் பிடிக்குமுன் கிள்ளிவிட வேண்டும் என்று மூன்று பேருமாக உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தோம். இம்முறை யார் எந்தத் தூர் என்று பிரித்துக்கொண்டுதான்.

மருந்துக்கடை மாடிக்கு யாரோ புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்று பேச்சுவாக்கில் அவள் சொன்னாள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

மாமா கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டார். "நீங்க போய்ப் பாத்தப்ப குழாயில தண்ணி வந்துச்சா, மாப்பிள்ளை?"

"வரல மாமா." வீட்டுக்கார அம்மா என்னைப் பற்றி இவரிடமும் சொல்லியிருக்கிறார்.

"எனக்கும் வரல."

"எந்தக் குழாயில?" என்றாள் அவள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

மாமா அடுத்த தூருக்கு நகர்ந்தார். அது என்னுடைய தூர். நான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.