பதினேழாம் நம்பர் மரங்கொத்தி

என் கூடப்பிறந்த தங்கமே, தம்பி சூசை,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து இன்றோடு நாலு நாள். அக்கா நல்லா இருக்கேன் என்று எழுதத்தான் ஆசை. முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து தூக்கம் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கோ.

உன் தீப்பெட்டிப் பட ஆல்பத்தைக் காதர் பாயிடம் கொடுத்துவிடலாம் என்று அவரை வரச் சொல்லியிருந்தேன். தோல் வியாபாரத்துக்கு நடுவிலும் இருபது வருசம் உன்னோடு சேர்ந்து படம் சேர்த்தவர். அவரை விட்டால் அதன் அருமை யாருக்குத் தெரியும்? ஆனால் கொடுக்கும் முன்னால் அவரிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். உன்னிடம் ஏழு வருசமாகச் சொல்லாத உண்மை.

நீங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து போட்ட சண்டை இன்னும் காதில் இருக்கிறது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வந்த தீப்பெட்டியில் இருபத்துநாலு பறவைப் படம், மூலையில் நம்பரோடு. அதில் எது செட்டில் சேரும், எது சேராது என்றுதான் சண்டை. பாய்க்கு அச்சாபீசிலிருந்து வந்தது மாதிரிப் பளபளவென்று வேண்டும். உனக்கு அது ஆகாது. பெட்டியில் ஒட்டி, நாலு பேர் கை பட்டு, குச்சி தீர்ந்த பிறகு தண்ணீரில் ஊற வைத்து உரித்ததுதான் படம், பெட்டிக்கே போகாதது வெறும் காகிதம் என்பாய்.

"தோல்ல ஒரு கீறல் இருந்தாலும் ரெண்டாந்தரம்தான் சூசை" என்பார் அவர்.

"உங்க ஆடு உசிரோட இருந்தப்ப முள்ளுக்குள்ள போகாமயா மேஞ்சுச்சு பாய்?" என்பாய் நீ. அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

எண்ணெய்க் கறை இருக்கலாம், மூலை போயிருக்கலாம், பறவையின் தலையும் நம்பரும் இருந்தால் போதும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஏத்துக்கலாம்" என்று நீ சொன்னால் ஜட்ஜு தீர்ப்புச் சொன்ன மாதிரி.

இருபத்துமூணு சேர்ந்துவிட்டது. பதினேழாம் நம்பர் மரங்கொத்தி மட்டும் இல்லை. மில் பஞ்சைத் தின்று தின்று நெஞ்சு கெட்டுப்போன நீ, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேடசந்தூர், சிறுமலை என்று வீடு வீடாகப் பழைய பெட்டி கேட்டு அலைந்தாய். ஊசி, பொத்தான் போட்டு வைத்திருக்கும் பெட்டிகளைப் புதுப் பெட்டி கொடுத்து மாற்றி வாங்கி வருவாய். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் இருமல். எனக்குப் பொறுக்கவில்லை தம்பி.

சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டும் வேலை பார்த்த என் நாத்தனார் வீட்டுப் பரணில் ஒட்டாத படக்கட்டு ஒன்று கிடந்தது. அதில் இருந்தது மரங்கொத்தி. அச்சுக் கலையாமல், புத்தம் புதுசாக. கொடுத்தால் வாங்க மாட்டாய். அதனால் டீத்தண்ணியில் நனைத்தேன். அடுப்புச் சாம்பலைத் தேய்த்தேன். ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிடைத்தது என்று நீட்டினேன்.

நீ வெளிச்சத்தில் பார்த்தாய். அப்புறம் மோந்து பார்த்தாய். எனக்கு உசிரே இல்லை.

"ஏத்துக்கலாம்க்கா" என்றாய்.

அஞ்சாப்பு படித்தவள், உன் கண்ணையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு எம்புட்டுப் பெருமை. பேரன் பேத்தி எடுத்த இந்த வயசிலும் அதை நினைத்தால் தனியாகச் சிரிப்பேன். வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது எங்க அக்கா கொண்டாந்தது" என்று நீ சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

ஆனால் நீ அலைவது மட்டும் நிற்கவில்லை. செட்டுதான் முடிஞ்சிருச்சே, பெறகு எதுக்குலே என்று கேட்டால், "பூச்சிச் செட்டு ஆரம்பிச்சிருக்கேன்க்கா" என்பாய். பூச்சிச் செட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

முந்தாநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரங்கொத்தி இருந்த பக்கத்தைத் திறந்தார். ஆல்பத்தில் யாரையும் கை வைக்க விடமாட்டாய், நான் வைத்ததும் இல்லை. அவர் படத்தை மூலைக் காகிதத்திலிருந்து மெல்ல உருவி, திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பென்சிலில் ஊரும் இடமும் எழுதி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியவே தெரியாது. மரங்கொத்திக்குப் பின்னால் எழுதியிருந்தது இதுதான்: "17. அக்கா அடுப்படி. ஏற்கலாம்."

ஏழு வருசமா தெரியுமா தம்பி? மோந்து பார்த்த அன்றைக்கேவா? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

"நெசமான மரங்கொத்தியைக் கண்டுபிடிச்சு அக்காவுக்குத் தெரியாம அந்த எடத்துல வச்சுரணும் பாய், அக்கா சொன்னது பொய்யாப் போயிரக் கூடாதும்பாரு" என்றார் பாய். "அதுக்குத்தான் அலைஞ்சாரு. பூச்சிச் செட்டெல்லாம் சும்மாக்கா."

உன்னை நிறுத்துவதற்காக நான் செய்த காரியம்தான் உன்னை அலைய வைத்ததா?

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடுதாசி.

குஜிலியம்பாறை பஸ்ஸில் நீ சாய்ந்துவிட்டாய் என்று சேதி வந்த அன்று, ஆஸ்பத்திரியில் உன் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடிகாரம், சீப்பு, டிக்கெட், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தோனியார் முன்னால் சத்தியம் பண்ணிப் பீடியை விட்டவன், திருட்டுத்தனமாகக் குடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். உன்னைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பிலேயே அதை வீசினேன். விழும்போது உள்ளே கலகலவென்றது. குச்சி என்று நினைத்தேன்.

மறுநாள் சாம்பல் அள்ளும்போது இரண்டு இரும்பு ஊக்கு கிடந்தது. ரவிக்கை ஊக்கு. எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிசம் பார்த்தேன், குப்பையில் போட்டேன். யாரோ ஒரு வீட்டில் ஊக்குப் போட்டு வைத்திருந்த பழைய பெட்டி என்று முந்தாநாள்தான் புத்தியில் ஏறியது.

அதன் மேல் என்ன படம் இருந்தது? கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். மஞ்சள் இருந்த மாதிரி இருக்கிறது. மறுபடி யோசித்தால் அதுவும் இல்லை. பார்க்கவில்லையே தம்பி, பார்க்காமலே போட்டுவிட்டேனே.

ஆல்பத்தைப் பாய் வாங்கிக்கொள்ளவில்லை. "இப்ப வேணாம்க்கா" என்று என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். மரங்கொத்தியின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான் செய்ததை எடுத்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். நீ ஏற்றுக்கொண்டாய், சரி. நான் ஏற்கவில்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் குஜிலியம்பாறைக்குப் போகிறேன். நீ ஊக்குப் பெட்டி வாங்கிய வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். என்ன படம் என்று அவர்களுக்காவது ஞாபகம் இருக்கும். இன்னொரு பெட்டி இருந்தால் கறையோடு, அழுக்கோடு, அப்படியே கொண்டுவருவேன். பின்னால் நானே எழுதுவேன், ஊர் பேரை உள்ளபடி. கிடைக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். டீத்தண்ணி பக்கம் போகமாட்டேன். சத்தியம்.

உன்னை ஏமாற்றத் தெரியாத,
உன் கூடப்பிறந்த அக்கா
ஞானம்மாள்