மூன்று புள்ளிக்குள் மடிந்த வயல்

3 மார்ச் 2009, செவ்வாய்

காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த ஒரு பக்கம் போய்விட்டது. சேமிக்காமல் எழுந்து போனது என் புத்தி.

ஊருக்கு மேலே காட்டு எல்லையை மறுபடி அளக்கப் போகிறார்கள். எல்லையோரம் உழுகிற குடும்பங்கள் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். 13-ஆம் தேதி கடைசி. 25-ஆம் தேதி நாமக்கல்லில் எல்லைக் குழுவின் விசாரணை. எழுத்தில் பெயர் இல்லாதவரைக் கூப்பிட மாட்டார்கள். பாதிப் பேருக்குப் பட்டா கிடையாது. கூப்பிடாவிட்டால் வயல் காட்டுக்குள் போய்விடும், அவ்வளவுதான்.

தொகுத்துக் கொடுக்க இங்கே எம்.எஸ்ஸி. படித்தவன் நான் ஒருவன்தான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து விதை ஆராய்ச்சிக்கு என்று மலைமேலே வந்தவன், வேலை போன பிறகும் கீழே இறங்க முகமில்லாமல் இந்த வாடகை வீட்டில் கிடக்கிறேன். நாலு வருஷமாக ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இப்போது எல்லோருக்கும் அர்த்தனாரி சார் வேண்டும்.

5 மார்ச், வியாழன்

என்னுடையதெல்லாம் ஒரே கோப்பில் இருக்கிறது. எடிட்டரில் ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு. இரண்டு போட்டால் அதற்குள் அடங்கிய தலைப்பு. மடக்கிவிட்டால் மேல் தலைப்பு மட்டும் தெரியும், வரியின் கடைசியில் மூன்று புள்ளிகளோடு. பத்து வருஷம் அதற்குள் மடிந்து கிடக்கிறது. சாமை ரகங்கள், மழை, விதைப்பு, நான் வேலை பார்த்த அறக்கட்டளையின் இயக்குநர் ஜீவானந்தம் எனக்குச் செய்த துரோகம். அவருக்குத் தனி நட்சத்திரம்.

அத்தனையும் எல்லைக் குழுவுக்குப் போகலாமா? வேண்டாத தலைப்பின் ஓரத்தில் ‘விலக்கு’ என்று ஒரு குறி போட்டால் போதும். அச்சுக்கு வெளியே எடுக்கும்போது அது மட்டும் வராது. மிச்சமெல்லாம் பக்கங்களாக வரும், எண்ணும் பொருளடக்கமும் தானாகவே போட்டுக்கொண்டு. கோப்பில் உள்ளது அப்படியே இருக்கும். அழிக்காமலே இல்லாமல் செய்யலாம். மனிதர்களுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால்—

சாயங்காலம் செல்லமுத்து வந்தான்.

“ஏனுங்க சார், எம்பட பேரு ஏறிடுச்சுங்களா?”

“ஏறிடுச்சு.”

“மேக்காட்டையும் சேத்திப் போட்டீங்கல்ல?”

“மேட்டு நிலந்தானே, போட்டாச்சு.”

“உக்காரச் சொல்ல மாட்டீங்களாட்டம் இருக்குது,” என்று சிரித்தான்.

சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜீவானந்தத்தின் அறையில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான்: “இவரு காட்டுப் பக்கமே வந்ததில்லீங்க. ஊட்டுல உக்காந்து எழுதுவாருங்க.” அவன் விளைநிலத்தில் முட்டி தேய நின்றவன் நான். அவன் வீட்டில் குச்சிக்கிழங்கு தின்றவன். அறக்கட்டளை அவனுடைய மிளகை வாங்கிக்கொள்வதாக ஜீவானந்தம் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்கே என் வேலை போனது.

இப்போது வந்து சிரிக்கிறான்.

8 மார்ச், ஞாயிறு

பாவாயியின் வாக்குமூலம் எடுத்தேன். பக்கத்து வீடு. செல்லமுத்துவின் தங்கை என்பதை நான் நினைத்துக்கொள்வதில்லை. புருஷன் போன பிறகு அண்ணன் பங்கிலிருந்து ஓடையோரம் ஒரு வயல் கிடைத்தது. தனியாகவே உழைக்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்த மழைக்காலத்திலிருந்து தினமும் ஒரு கிண்ணம் சோறு என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

“இந்த வயலு போச்சுன்னா அண்ணி கையால கூழு வாங்கிக் குடிக்கணுங்க. அதை எழுதிக்குங்க.”

“அதெல்லாம் ஆபீஸ்ல எழுதக் கூடாது, பாவாயி.”

“அப்பறம் எதைத்தான் எழுதுவீங்க?”

எழுதினேன்.

இங்கே பங்கு பிரிந்தாலும் வீடு ஒன்றுதான் என்பார்கள். யார் பங்கிலிருந்து வயல் வந்ததோ அவர் தலைப்புக்குக் கீழே இரண்டு நட்சத்திரத்தில் வைத்து வருகிறேன். குழுவுக்கும் அது புரியும்.

11 மார்ச், புதன்

செல்லமுத்துவின் தலைப்பில் குறி போட்டுவிட்டேன்.

பெரிய வேலை என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. மடக்கிய ஒற்றை வரி, அவன் பெயர், மூன்று புள்ளி, ஓரத்தில் ‘விலக்கு’. நாமக்கல்லில் பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், இவன் உட்கார்ந்தே இருப்பான். ஒருவன் வாயில் இருக்கும் ஒரு சொல்லால் இன்னொருவன் பிழைப்பு எப்படிப் போகும் என்று அவனுக்கும் தெரியட்டுமே. கேட்டால் விடுபட்டுப் போச்சு என்று சொல்லிவிடலாம்.

12 மார்ச், வியாழன்

செம்மேட்டில் சுரேந்தர் கடையில் அச்சு எடுத்தேன். “ஏனுங்க சார், கல்யாணப் பத்திரிகை ஏதாவது அடிச்சாலாவது எனக்கு ஒரு சாப்பாடு கெடைக்கும், நீங்க எப்பவும் காட்டையே அடிக்கறீங்க,” என்றான். வழக்கமாகக் கோபம் வரும். இன்று சிரித்தேன்.

பொருளடக்கத்தை மட்டும் விரல் வைத்துப் பார்த்தேன். செல்லமுத்து இல்லை. எண்கள் நெருங்கி வரிசையாக நின்றன. ஒருவன் இருந்த இடம் காலியாகக்கூடத் தெரியவில்லை. அதற்கு மேல் பார்க்கவில்லை.

13 மார்ச், வெள்ளி

நாமக்கல். கொடுத்தாயிற்று. முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

16 மார்ச், திங்கள்

பாவாயி கிண்ணத்தோடு உள்ளேயே வந்துவிட்டாள். “எம்பட பேச்சை ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. அங்க போயி மாத்திச் சொல்லிப்புடக் கூடாது.”

நகலை எடுத்துப் புரட்டினேன். இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்தேன். இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

“என்னங்க தேடறீங்க?”

“கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல. நாளைக்குப் படிக்கறேன்.”

“மூக்கு மேலதான இருக்குதுங்க,” என்று சிரித்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்.

மேல் தலைப்பை விலக்கினால் அதன் கீழே உள்ளதெல்லாம் அதோடு போகும். இது தெரியாதா எனக்கு? ஜீவானந்தம் தலைப்பில் ஒரே குறி போட்டு அதற்குள் இருந்த அத்தனையையும் அப்படித்தானே மறைத்தேன்? மடக்கி வைத்திருந்தேன். மூன்று புள்ளி கண் முன்னாலேயே இருந்தது. அதற்குள்ளே அவள் இருந்தாள். என் கண்ணில் பட்டது அவன் பெயர் ஒன்றுதான்.

சாமைச் சோறு. மூடி வைத்துவிட்டேன்.

18 மார்ச், புதன்

முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். மனுப் பிரிவில் ராதிகா என்ற பெண்தான் வாங்கி வைப்பவர். பொறுமையாகக் கேட்டார்.

“தேதி முடிஞ்சிருச்சுங்க சார். கூடுதல் மனுவா வேணும்னா திங்கட்கிழமைக்குள்ள குடுங்க. ஏன் விட்டுப்போச்சுன்னு தொகுத்தவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். வயல் யார் பங்குல இருந்து வந்துச்சோ அவரும் ஒப்பம் போடணும்.”

“அவர் இல்லாம முடியாதா?”

“அவர் குடுத்ததுதான சார் அந்த வயலு?”

திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் ஓரத்து மைல்கல்லைப் பார்த்தபடி வந்தேன். எந்த வளைவிலாவது பஸ் நின்றுபோய், நான் ஊர் போய்ச் சேராமலே இருந்துவிட்டால் என்ன?

19 மார்ச், வியாழன்

கம்ப்யூட்டரில் வைரஸ் என்று எழுதிப் பார்த்தேன். மின்தடையால் பிழை என்று எழுதிப் பார்த்தேன். யார் கேட்கப் போகிறார்கள், இந்த மலையில் யாருக்குத் தெரியும்?

பாவாயியின் தலைப்பில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, யாருக்குக் கீழேயும் இல்லாமல் தனியாக வெளியே எடுத்துப் பார்த்தேன். அழகாக வந்தது. முதல் வரி: “எங்க அண்ணன் பங்குல இருந்து எனக்கு வந்த வயலுங்க.” அண்ணனுக்குப் பெயரே இல்லாத ஒரு காகிதம். இதை யார் நம்புவார்கள்?

ஜீவானந்தத்தைப் பற்றி எழுதி வைத்த பக்கங்களையும் விரித்துப் படித்தேன். முதல் தடவையாக அலுப்புத் தட்டியது. ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாசலில் கிண்ணம் இருக்கிறது. எடுக்கவில்லை.

20 மார்ச், வெள்ளி

போனேன். செல்லமுத்து தார்ப்பாயில் மிளகைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். சொன்னேன். உன் பெயர் மனுவில் இல்லை, பாவாயி பெயரும் இல்லை, திங்கட்கிழமைக்குள் ஒப்பம் வேண்டும் என்று.

கால் நின்றது. “தானா உட்டுப்போச்சுங்களா, நீங்களா உட்டீங்களா?”

வைரஸ் நாக்கு நுனியில் இருந்தது.

“நானாத்தான் விட்டேன். உன்னை.”

அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அன்னைக்கு நான் சொன்னது பொய்யிதானுங்க. மொளகு ஆசை. ரண்டு வருசம் வாங்குனாங்க, அப்பறம் அவங்களும் உட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு, நான் உங்களைய மட்டுந்தான் சொன்னேன். எந்தங்கச்சி உங்களுக்குச் சோறு போட்டதத் தவிர என்னங்க பண்ணுனா?”

“அவ பேரு உன் பேருக்குக் கீழ இருந்தது. நான் பாக்கல.”

“பாத்திருந்தா? அவள எடுத்து வெச்சிட்டு எம்பேர மட்டும் உட்டிருப்பீங்க.”

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஒப்பம் போட்டுக் கொடுத்தான். மிளகுக் கையோடு. “நீங்க என்ன எழுதறீங்களோ எழுதிக்குங்க. எங்கிட்ட சொன்னத மாத்தாதீங்க.”

23 மார்ச், திங்கள்

இருவர் பெயரோடும் கூடுதல் மனுவைக் கொடுத்தேன். விளக்கத்தை மாற்றவில்லை.

25 மார்ச், புதன்

கூடுதல் மனு என்றதும், முதலில் விளக்கத்தை வாசிக்க வேண்டும் என்றார் குழுத் தலைவர். வாசித்தார்கள். மைக்கில். “செல்லமுத்து பெயரை என் சொந்தப் பகையால் விலக்கினேன். அவர் தலைப்புக்குக் கீழே இருந்த பாவாயி பெயரும் அதனால் விடுபட்டது. வேறு காரணம் இல்லை. அர்த்தனாரி.” ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் அறக்கட்டளை ஆட்களோடு ஜீவானந்தம். அவர் இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல், எனக்குத் தெரியும்.

பாவாயி திரும்பி என்னைப் பார்த்தாள். அதை எழுத எனக்கு வராது.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசினாள். அண்ணி கூழையும் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. அவனையும் கூப்பிட்டார்கள். ஆனால் அவன் மேக்காட்டுக்குத் தனியாகச் சான்று இணைக்க நேரமில்லாமல் போயிருந்தது. பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

நிற்க இடமில்லாத பஸ். என் பக்கத்து இருக்கை மட்டும் காரவள்ளியிலிருந்து மேலே வரும் வரைக்கும் காலியாக வந்தது.

2 ஏப்ரல், வியாழன்

கிண்ணம் இல்லை. அன்றைக்கு வாசலிலேயே விட்ட கிண்ணத்தையும் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

19 ஏப்ரல், ஞாயிறு

கீழே போய்விடலாம் என்று பெட்டியை எடுத்தேன். காரவள்ளியில் யார் இருக்கிறார்கள்? தம்பி. அவனோடும் பேச்சு இல்லை. யாரோடுதான் இருக்கிறது? கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன். கரண்ட் போய்விட்டது. இருட்டுத் திரையில் என் முகம். இவன் யார், இவனோடு எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தேன்?

29 மே, வெள்ளி

அளந்துவிட்டார்கள். பாவாயி வயலுக்கு மேலே எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். வயல் அவளுக்கு. செல்லமுத்துவின் மேக்காட்டை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது எல்லை. முதல் மனுவிலேயே சான்றோடு போயிருந்தால் நின்றிருக்குமா? தெரியாது. இனி ஒருநாளும் தெரியாது.

7 ஜூன், ஞாயிறு

ஊர் கூடிப் பேசியிருக்கிறார்கள். மேல்முறையீட்டையும் நானே எழுத வேண்டுமாம், வேறு ஆள் இல்லையே. ஆனால் என் வீட்டிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் முதலில் முழுவதையும் செல்லமுத்துவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். என் காவலுக்கு அவன். அவமானமாக இருந்தது. சரி என்றேன்.

14 ஜூன், ஞாயிறு

செல்லமுத்து வந்தான். இந்த முறை நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். எல்லாத் தலைப்புகளையும் விரித்து வைத்திருந்தேன், எங்கேயும் மூன்று புள்ளி இல்லாமல். ஜீவானந்தத்தின் குறியை மட்டும் எடுக்கவில்லை. “இதுல யாருங்க?” என்றான். சொன்னேன். “அது இருக்கட்டும்,” என்றான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மேக்காடு வந்த இடத்தில் மட்டும் திறந்தான். பாதியில் பாவாயி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வேகவைத்த குச்சிக்கிழங்கை ஒரு தட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவன் எடுக்கவில்லை. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கம். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்கினேன்.

“வாயில வெச்சுக்கிட்டுப் படிக்காதீங்க,” என்றான் செல்லமுத்து. “ஒரு எழவும் வெளங்கல. தின்னுட்டுப் படீங்க.”