சுரேகா தேய்த்த தோட்டாக் கூடுகள்

என்னங்க,

மனுகாவில் தம்பி வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

போலீஸ் துப்பாக்கியை எடுத்துப்போன பிறகும், மறுபடி வெடிமருந்து நிரப்ப நீங்கள் சேர்த்துவைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் கராஜிலேயே கிடந்தன. பித்தளை விளக்கைத் தேய்க்கப் போடுவதுபோல் அவற்றைப் புளித் தண்ணீரில் போட்டேன். அதிகம் ஊறினால் பித்தளை சிவந்து பலமிழக்கும், பிறகு நிரப்ப உதவாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தெரிந்தேதான் இரண்டு நாள் ஊறவிட்டேன்.

நேற்று சுரேகா வந்தாள். நரேந்திரன் போன பிறகு இதுதான் முதல்முறை. காட்டில் மான் என்று நினைத்து நீங்கள் தன் கணவனைச் சுட்டதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கூடுகளைத் தேய்த்தாள். பிறகு, “இதுல அந்தக் கூடு எது அக்கா?” என்றாள்.

“அது போலீஸ்கிட்ட இருக்கும்மா.”

“தெரியும்” என்றவள் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது சொன்னாள்: “அவர் கடைசியா என்ன பேசினார்னு அண்ணாதான் எனக்குச் சொல்லணும். வக்கீல் எழுதினதெல்லாம் எனக்கு வேணாம்.”

என்னிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதற்குள் வீட்டுக்கு வந்து நீங்களே கதவைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி