ஏழாம் தாள்

நேற்று ஒரு வேலையாகச் செம்பூருக்குப் போய், போன வேலை முடியாமல் ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு சைனீஸ் சாப்பாட்டு வண்டி. கடைக்காரன் சூடான சட்டியில் வினிகரை ஊற்றினான். நெடி ஏறி எல்லோரும் இருமிக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். என் மூக்குக்கு அது வினிகர் இல்லை, சிலிக்கான். கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் அந்தப் பசை காயும்வரை அதே புளிப்பு நெடிதான் அடிக்கும். உன் சட்டையில், உன் டிபன் டப்பாவில், உன் கைவிரல்களில் எல்லாம் அதுதான். "எனக்கு ஊறுகா வேண்டாம்டே, கைய நக்கிக்கிட்டே சோத்தத் தின்னுருவேன்" என்பாய்.

போனவர்களுக்கு மடல் எழுதுகிறவர்கள் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள். உன்னைப் பற்றி என்னிடம் நாற்பது உண்டு. ஆனால் நான் உட்கார்ந்தது அதற்கல்ல. நீ இருந்த காலத்தில் ஆறு வருஷம் உன் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆள் போன பிறகு சொல்ல வந்துவிட்டாயா என்று நீ சிரிப்பாய். சிரி, எனக்கு வேண்டியதுதான்.

நமக்குத் தாராவியில் ஒரே சந்து, முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீ கண்ணாடிக் கடைக்குப் போனாய். நான் மரவேலைக்குப் போய், பிறகு பெரிய வீடுகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் ஆனேன். மீன்தொட்டி என்று யார் கேட்டாலும் உன்னைத்தான் கூட்டிப் போவேன். நீ ஒட்டிய தொட்டி ஒழுகியதாக மும்பையில் யாரும் சொன்னதில்லை. எனக்கு அதில் உன்னைவிடப் பெருமை அதிகம்.

செம்பூர் பங்களா வேலை அப்படித்தான் வந்தது. தரைக்குக் கீழே சும்மா கிடந்த பேஸ்மென்டை சினிமா பார்க்கும் அறையாக மாற்ற வேண்டும், அதன் ஒரு சுவருக்குள் கடல் வேண்டும் என்றார் சேட். எட்டடி நீளம், மூன்றடி உயரம், உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், அதன்மேல் நீல விளக்கு. முன்பக்கக் கண்ணாடி மட்டும் சுவரோடு சுவராகத் தெரியும். தொட்டியும் பம்புகளும் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். சேட் படம் காட்டி விளக்கினார். வெளியே வந்ததும், "கடலு மாஹிம்ல கெடக்கு, ஓசிலயே போய் பாக்கலாம். இவரு அத வீட்டுக்குக் கூப்பிடுதாரு. வந்தா நல்லா இருக்கட்டும்" என்றாய்.

வேலையில் இறங்கிய பிறகு கேலி எல்லாம் போய்விட்டது. கண்ணாடியின் ஓரத்தை ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தாய். பசையை ஒரே இழுப்பில், மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாய். பின்பக்க மூலை ஒன்றில் மட்டும், பாதி இழுக்கும்போது கரண்ட் போயிற்று. டார்ச் தேடி எடுப்பதற்குள் பசை மேலே ஆடை கட்டிவிட்டது. அதன்மேலேயே மீதியை இழுத்து முடித்தாய். அந்த மூலை உனக்குப் பிடிக்கவே இல்லை.

அதற்குத்தான் உன்னிடம் ஒரு சோதனை இருந்தது. பசை நன்றாகக் காய்ந்த பிறகு தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, அடியில் தரை முழுக்கத் தமிழ்ப் பேப்பரை விரிப்பாய். ஒவ்வொரு தாளிலும் மரப் பென்சிலால் ஒரு எண், எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எந்தத் தாளில் ஈரம் பட்டால் எந்த மூலை ஒழுகுகிறது என்று உனக்குத் தெரியும். கரண்ட் போன அந்த மூலைக்கு ஏழாம் தாள். ஏழு நாள் தண்ணீர் நிற்க வேண்டும், ஏழு நாளும் தாள் காய்ந்திருக்க வேண்டும். காவலுக்கு நீயே இருப்பாய். குனிந்து கிடந்து பழைய ராசிபலனை எனக்கு வாசித்துக் காட்டுவாய். "போன மாசம் உனக்குத் திடீர் யோகம்னு போட்டிருக்கான். எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று கேட்பாய்.

சேட் மகனின் நிச்சயதார்த்தத்தை அந்த அறையிலேயே வைத்திருந்தார்கள். பவளம் விமானத்தில் வந்து இறங்கும் நாள்கூடக் குறித்தாகிவிட்டது. நாள் தவறினால் மேல்மாடி வேலை முழுவதும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சேட் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் சயான் ஆஸ்பத்திரியில் உன் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். முந்தின நாள் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "நாளைக்கு ஒரு நாள் நீ பாத்துக்கடே. ஏழுல ஒரு கண்ணு வை. ஈரம் பட்டா ஒடனே போன் போடு, நான் வந்துருவேன்" என்றாய். நீ வேறு யாரிடமும் தாளை ஒப்படைத்ததே இல்லை.

காலையில் நான் போய்ப் பார்த்தேன். ஏழாம் தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியவில்லை. உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். தண்ணீரை இறக்கு, மூலையை அறுத்தெடு, மறுபடி ஒட்டு, மறுபடி காய வை, மறுபடி ஏழு நாள். நிச்சயதார்த்தம் போயிற்று, மேல்மாடியும் போயிற்று. அது ஜூலை மாதம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பேஸ்மென்ட் சுவர்கள் வேர்த்துக்கொண்டிருந்தன. இது தரை ஊறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் தாளை அப்படியே விட்டிருப்பேனே. தரையைத் துடைத்து, உன் பேப்பர் கட்டிலிருந்து வேறொரு தாளை உருவி விரித்து, மரப் பென்சிலால் ஏழு எழுதி வட்டம் போட்டேன். நனைந்த தாளைக் கசக்கித் தொட்டி நிற்கும் இரும்புக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் திணித்தேன். பலகை அடித்துவிட்டால் அந்தச் சந்தை யாரும் பார்க்க முடியாது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாய். கண் சிவந்திருந்தது. "ஏழு?" என்றாய். "காஞ்சிதான் கெடக்கு" என்றேன். நீ குனிந்து தாளைத் தடவிப் பார்த்தாய். பிறகு, "அப்ப சரி. அந்த மூலைய நெனச்சிட்டே ராத்திரி பூரா தூங்கலடே" என்று சொல்லி அங்கேயே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நான் உனக்கு டீ வாங்கப் போனேன். அந்த டீயை நீ குடித்தது வரை எனக்கு நினைவிருக்கிறது.

மீதி இரண்டு நாளும் ஏழில் ஈரம் வராதபடி, நீ வருவதற்கு முன்பே போய் மூலையில் கோத்திருந்த தண்ணீரைத் துடைத்துவைத்தேன். கசிவு அவ்வளவு சின்னது. பலகை அடித்தோம், பவளம் வந்தது, நிச்சயதார்த்தம் நடந்தது. வந்தவர்கள் எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் மூலை விட்டுவிட்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது சோபாவின் கால் உப்புத் தண்ணீரில் நின்றது. பவளம் வெளுத்துக் கிடந்தது. மீன்கள் எப்படிக் கிடந்தன என்று உனக்குத் தெரியும். சேட் என்னை மேலே கூப்பிட்டார். நீ கீழே பலகையைப் பிரித்துக்கொண்டிருந்தாய். யார் செய்த தப்பு என்று அவர் இந்தியில் கேட்டார். மரம் என் வேலை, கண்ணாடி அவன் வேலை, ஒழுகியது கண்ணாடி என்று நானும் இந்தியில் சொன்னேன். திரும்பினால் கதவருகே நீ. பேன்ட் முழங்கால்வரை ஈரம், சட்டைப் பை மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. துடைக்கிற துணி என்று நினைத்தேன். என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு சேட்டைப் பார்த்து, "ஆமாம் சேட், என் ஜாயின்ட்தான் விட்டுடுச்சு" என்றாய்.

அது பொய் இல்லை. பழுது உன் மூலையில்தான். ஆனால் அந்தப் பழுதைப் பிடிப்பதற்குத்தானே நீ தாள் விரித்தாய்? தாளும் பிடித்தது. நான்தான் மறைத்தேன்.

சேட் உன்னை அப்போதே வெளியே போகச் சொன்னார். அதன்பிறகு நீ அந்தப் பங்களாவுக்குள் காலே வைக்கவில்லை. அவர் சொல்லி மற்ற பில்டர்களும் உன்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். எனக்கு மேல்மாடி வேலை கிடைத்தது. பெரிய தொட்டி வேலைகள் என்னிடம் வந்தபோதுகூட உன்னைக் கூப்பிடவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தாள் விரிக்க என்னால் முடியாது. ஊரில் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டாளியே நம்பவில்லை, அவன் வேலையில் ஏதோ கோளாறு என்று பேசினார்கள். நீ தாராவி வீட்டை விட்டு டோம்பிவிலிக்குப் போய், அங்கே ஒரு கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் அடித்தாய்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மாதுங்காவில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். என் முன்னாலேயே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய். பள்ளிக்கூடக் கதை பேசுவோம். சாப்பிடாமல் ஒரு நாளும் என்னை அனுப்பியதில்லை. நான் செருப்பு மாட்டும்போது வாசலில் வந்து நின்று, "வேற சேதி ஏதும் உண்டாடே?" என்பாய். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. நான், "ஒண்ணுமில்ல" என்பேன். உனக்கு அது பேச்சு முடிக்கிற வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டாய். உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கும் எனக்குக் கூச்சம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ரேஷன் கார்டு வச்சிருந்த பைக்குள்ளயே இதயும் வச்சிருந்தாவ, அண்ணாச்சி. பழைய பேப்பருதானேன்னு ஒரு தரம் தூரப் போடப் போனேன், விடல. எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்றாள்.

பிரித்தேன். கசக்கி, பிறகு நீவி மடித்த தாள். நடுவில் பழுப்பாக ஈரம் காய்ந்த கறை. மூலையில் உன் எழுத்தில் ஏழு, சுற்றி வட்டம்.

பழைய வேலைப் பேப்பர்தான் தங்கச்சி என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. அந்தச் சந்து திறந்தது ஒரே ஒரு நாள், நீ பலகையைப் பிரித்த அன்று. அப்படியானால் கதவருகே நீ நின்றபோது உன் பையில் புடைத்திருந்தது துணி இல்லை. கண்ணாடி அவன் வேலை என்று நான் சொன்னதைக் கேட்டாய். எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டாமல், என் ஜாயின்ட்தான் என்றாய். பிறகு ஆறு வருஷம் வாசலில் நின்று, வேற சேதி உண்டா என்று கேட்டாய்.

என்னை மன்னித்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்குப் பெரிய மனசு, பழைய சிநேகிதனை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்து ரயிலிலேயே அழுதேன். அழுததில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து டோம்பிவிலிக்குப் போனேன். இந்த முறை மைசூர்பாகு வாங்கவில்லை. உன் மனைவி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன் விரித்து ஒன்று விடாமல் சொன்னேன். முடியும்வரை அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க செஞ்சதுன்னு அவியளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அதான்" என்றாள். "நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் அவிய ராத்திரி சாப்பிட மாட்டாவ. வயிறு சரியில்லன்னு சுவரப் பாத்துப் படுத்துருவாவ. நீங்க கொண்டாற இனிப்புதான் ஒத்துக்கலன்னு நெனச்சிருந்தேன்."

காயை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் சோறு கொதிக்கும் வாசனை வந்தது. சாப்பிட்டுப் போங்க என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லாமல் நான் படி இறங்கியது அன்றுதான். செருப்பு மாட்டிக்கொண்டு பழக்கத்தில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அன்று கதவருகே நீ வைத்திருந்ததுபோலவே சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். அதைக் காட்ட வேண்டிய இடம் ஒன்று பாக்கி. அவன் வேலையில் இருந்த குறையை அவனே பிடித்திருப்பான், நான்தான் விடவில்லை என்று அந்தச் சேட்டிடம் சொல்ல வேண்டும். நேற்று செம்பூருக்குப் போனது அந்த வேலையாகத்தான். கேட் வரைக்கும் போய்விட்டேன். வாட்ச்மேன் எழுந்து வந்து, என்ன சேதி என்று கேட்டான். கை சட்டைப் பையைத் தொட்டபடி இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.