பெட்டியின் பதினோரு ஒடுக்குகள்

அன்புள்ள வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், என்னோடு பேசுவதை நிறுத்தி ஆறு நாளாகிறது, அதனால் தொண்டைக்கு நல்ல ஓய்வு. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று இன்னும் சாப்பிடவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வந்து மேலே படி, வெறும் வயிற்றில் படிக்கிற கடிதமில்லை இது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ கத்தினால் உடனே கேட்டுவிடும். கடிதம் என்றால் உன் கத்தல் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், அதற்குள் நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

விஷயம் அந்த டிரங்குப் பெட்டிதான். நம் குடும்பம் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் அலைந்து இங்கே வந்து சேர்ந்தது என்று கண்காட்சி வைக்கப்போகிறேன், கப்பலில் வந்த பெட்டியை அனுப்புங்கள் என்று நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் உடம்பெல்லாம் ஒடுக்கு, மூலைக்கு மூலை துரு. நாற்பது வருஷமாக ஊரார் கார்களையெல்லாம் தட்டி நிமிர்த்துகிறவன் நான், என் மகள் கண்காட்சிக்கு என் பட்டறையிலிருந்து நசுங்கின பெட்டி போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள். மூன்று நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. ஒவ்வொரு ஒடுக்கையும் உள்ளேயிருந்து தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பல் டாக்டர் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சிவப்பை இரண்டு கோட்டிங் அடித்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் உன் அடுத்த செய்தி வந்தது. பெட்டியில் பதினோரு ஒடுக்கு இருக்கிறது, போட்டோவைப் பார்த்து எண்ணி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் கதையை எழுதி மாட்டப்போகிறேன், அந்த ஒடுக்குகள்தான் என் கண்காட்சியே என்று. அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன், அசடு வழிகிற என் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. "நல்லா தட்டினீங்க போங்க, நாலு தலைமுறையையும் சேர்த்துத் தட்டி எடுத்துட்டீங்க" என்றாள், அதுதான் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது.

உன்னிடம் அந்தப் போட்டோவைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் அத்தையையும் பட்டறைக்கு வரவழைத்தேன், எந்த ஒடுக்கு எங்கே இருந்தது என்று ஞாபகப்படுத்தி அவரவர் ஒடுக்கை அவரவரே போட்டுத் தரட்டும் என்று. நல்ல யோசனைதானே, கெட்டது எங்கே என்றால் நம் ஆட்களிடம். கப்பலிலிருந்து இறக்கும்போது உன் கொள்ளுத்தாத்தா நழுவவிட்ட ஒடுக்கு இடது பக்கம் என்றார் பெரியப்பா, வலது பக்கம் என்றாள் அத்தை. "கப்பல் வந்தப்போ நீ பொறந்தே இருக்கலையேடா" என்று அவள் கேட்க, "நீ மட்டும் கப்பலை ஓட்டிக்கிட்டா வந்தே" என்று இவர் கேட்க, ஒரு மணி நேரம் போனது, கடைசியில் இரண்டு பக்கமும் அடித்தோம். முதலில் இருந்த ஊரைவிட்டு லாரியில் கிளம்பியபோது பெரியப்பா பெட்டியின் மேல் குதித்ததில் விழுந்த ஒடுக்கை அவர் மறுபடி போட்டார். அத்தை தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் இல்லையா, குனிந்து பார்த்து, "இவ்வளவு ஆழம் கிடையாது, அழிச்சிட்டுத் திரும்ப அடி" என்றுவிட்டாள். அதை நான் தட்டி நிமிர்த்தி, அவர் மறுபடி அடித்து, இப்படி மூன்று தடவை. ஒவ்வோர் அடிக்கும் என் பெயின்ட் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது, வயிறு எரிந்தது எனக்கு. இப்போது பெட்டியைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து நேரே விபத்துக்குப் போன கார் மாதிரி இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அதுவரை ஓரமாக நின்றிருந்த அம்மா வந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். என்னிடம் இல்லை, சுத்தியலிடம் பேசுகிற மாதிரி, "நானும் ஒரு வீட்டை விட்டுட்டு, ஊரை விட்டுட்டுத்தான் இங்க வந்தேன். என் பெட்டி எங்கேன்னு இதுவரைக்கும் யாராவது கேட்டீங்களா" என்று சொல்லி மூடியின் நடுவில் போட்டாள் பாரு ஒரு போடு, மூடி இப்போது மூடவே மாட்டேன் என்கிறது. கயிறு போட்டுக் கட்டித்தான் அனுப்புகிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நிஜமாகவே இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த ஒடுக்கு உன் போட்டோவில் இருக்காது, அதற்கு என்ன கதை எழுதுவது என்று அம்மாவிடமே கேட்டுக்கொள். அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும், இது என் உத்தரவு.

ஆக இப்போது பெட்டியில் பன்னிரண்டு ஒடுக்கு இருக்கிறது, உன்னுடையதைச் சேர்க்காமல். உனக்கு ஆறு வயசிருக்கும்போது நான் ஏதோ திட்டினேன் என்று, வீட்டைவிட்டுப் போகிறேன் என்று உன் பொம்மைகளோடு அந்தப் பெட்டியை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போய் உருட்டிவிட்டாயே, கீழ் வலது மூலை நசுங்கியதே, அதை மட்டும் போடவில்லை. அத்தை நீயே போடு என்றாள், சுத்தியலை ஓங்கவும் ஓங்கினேன், கை வரவில்லை. அன்றைக்கு ஏழாவது படியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாய், தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். நீ நிஜமாகவே கிளம்பினபோது சக்கரம் வைத்த பெட்டி, ஒரு சத்தமில்லாமல் உருண்டு போய்விட்டது, தூக்கிக்கொண்டு வர எனக்கு வழியே இல்லை.

கண்காட்சி நல்லபடியாக நடக்கட்டும், நீ எந்த ஊரில் நின்றாலும் உன் ஊராகட்டும், நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இரு. பெட்டிக்குள் என் சின்னச் சுத்தியலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கைப்பிடியின் நுனியைப் பிடி, நடுவில் பிடித்தால் விரல் போகும். அடிக்க மனசு வரவில்லை என்றால் அடிக்காதே, கண்காட்சி முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வா, அதே படியிலிருந்து நாம் இரண்டு பேருமாக உருட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஏழாவது படியில் நிற்கிற
உன் அப்பா