மருந்து ரூம்

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வி எழுதுவது. நான் நலம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இங்கே பெங்களூரில், ஏஐ உதவியாளர்களுக்காக எழுத்தைப் படித்துப் பொருள் சொல்லும் கருவி ஒன்றை அமைக்கிறோம். சோதித்துப் பார்க்க நீ அனுப்பிய செய்தியையே கொடுத்தேன். "என்னைய மருந்து ரூமுக்கு மாத்திட்டாக. பயப்படாத தாயி, நேரத்துக்குச் சாப்புடு."

"சிகிச்சை. கவலை இல்லை" என்றது கருவி.

பக்கத்து இருக்கை நந்தினி எட்டிப் பார்த்தாள். "அம்மா எந்த ஆஸ்பத்திரிடி?"

"அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து, அதைக் கலக்கும் அறைதான் மருந்து ரூம் என்று கருவிக்கு ஒரு வரி சேர்த்தேன். இப்போது அதே செய்திக்குச் சிவப்பில் "ஆபத்து" என்று காட்டுகிறது. அதற்குமேல் என்ன செய்வது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பழையபடி பெட்டி ஒட்டும் வேலையே கேட்டுப் பாரேன். நைலக்ஸ் சேலை வேண்டாம், உரசினால் பொறி பறக்கும்; பருத்தியே கட்டு. சாயங்காலம் வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், அடித்தால் போதும்.

கேன்டீனை மூடப் போகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உன் செல்வி