நாற்பத்திரண்டு வயதில் நான் மணப்பெண்

நாச்சஸ், மே 1866

என் கண்ணே ஜூலியன்,

மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று உன் மாமனார் வீட்டில் நீ சொல்லிவைத்திருக்கிற உன் அம்மா இங்கே குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன், நீயும் உன் மனைவியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க ஆண்டவர் அருளட்டும். பயப்படாதே, யாரையும் வைத்து எழுதவில்லை, குளிர்காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு என் கையாலேயே எழுதுகிறேன், உன் கடை முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.

அம்ப்ரோஸ் வந்துவிட்டாரடா. உனக்கு அந்த வெள்ளைத் தோலைக் கொடுத்த எஜமான் உன்னை ஒருநாளும் தூக்கியதில்லை, தோளில் சுமந்தவர் இவர், நீ அப்பா என்று கூப்பிட்டவர். உன் எட்டு வயதில் அவரை டெக்சாஸுக்கு விற்றார்களே, அடிமைத்தளை போனதும் அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், வேலிக்கு அப்பால் முன்பல் இல்லாத ஒருவர் நின்று, "கெசியா, இன்னும் அதே கட்டைக் குரல்லதான் பாடுறியா" என்றார். ஈரப் போர்வையோடு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம், பக்கத்து வீட்டு டெம்பி எனக்கு வலிப்பு என்று நினைத்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

அன்று அடிமைகள் வழக்கப்படி நாங்கள் விளக்குமாற்றைத் தாண்டிச் செய்துகொண்டது சட்டப்படி கல்யாணமே இல்லையாம், அதனால் போன செவ்வாய்க்கிழமை விடுதலையானவர்களுக்கான அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீலச் சீருடைக் குமாஸ்தா நிறம் என்ன என்று கேட்டான். "நீங்களே பாத்து எழுதிக்கங்கய்யா, எங்ககிட்ட கண்ணாடி கிடையாது" என்றார் உன் அப்பா, வரிசையே சிரித்தது. பிறகு, உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, பெயர் என்ன என்றான். என் சிரிப்பு நின்றுவிட்டது. பெயரைச் சொன்னால் யார் கண்ணிலாவது பட்டு உன் குடித்தனம் போய்விடும், பிள்ளையே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மகன் இருக்கான். பேரை அவனே வந்து சொல்லுவான்" என்றேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான், ஒன்று என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டான். வெளியே வந்து அழுதேனா சிரித்தேனா தெரியாது, சாயங்காலம் கோழிக்கறி தின்று பிடிலுக்கு ஆடியதில் செருப்பு வார் அறுந்தது மட்டும் நிச்சயம்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை, வெள்ளைக்காரனாக வாழ்வது நீ பிழைக்கத் தேர்ந்த வழி. ஒன்று மட்டும் கேள். பிள்ளை எந்த நிறத்தில் பிறந்தாலும் முதலில் நீ கையை நீட்டு, நிறத்தைக் காட்டி யாராவது உன் மனைவி மேல் பழி போட்டால் உண்மையைச் சொல்லிவிடு, அவள் தலையில் விழ விடாதே. அங்கே இருக்க முடியாமல் போனால் ஒரு வரி எழுது, மூன்று பேருக்கும் இங்கே படுக்க இடம் இருக்கிறது. ஈரக்காலோடு கடையில் நிற்காதே. ஆண்டவர் உன் வீட்டு நிலைப்படியில் காவல் நிற்கட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன்னைப் பெற்றவள்,
கெசியா

கீழே உள்ள பெருக்கல் குறிகள் எழுதத் தெரியாத உன் அப்பாவின் கையெழுத்து. ஒன்று போதும் என்றேன், கேட்காமல் மூன்று போட்டிருக்கிறார்.

× × ×